கூப்பிட்ட மாட்டைச் சுடுவதில்லை

சுடுகிற துவக்கு இருக்கிற வீட்டுக்கு வேலைக்கு வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். லோமான் அம்மா கோபப்படவில்லை. "நல்லது. துவக்கைக் கண்டு சந்தோசப்படுற ஆளை நானும் எடுக்கமாட்டன்" என்றார். பிறகு கூட்டிக்கொண்டுபோய் மாடுகளைக் காட்டினார். அன்று பின்னேரமே என் பையை அங்கே வைத்துவிட்டேன். ஓரிடத்தில் இரண்டு வருசம் சேர்ந்தாற்போல் தங்கியிராத நான், ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றேன்.

போன மாதம் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் எங்கள் ஆட்களின் மூத்தோர் ஒன்றுகூடல் நடந்தது. ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொருவராக என்ன வேலை செய்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். உணவகம், இரும்பாலை, ஆஸ்பத்திரிச் சமையலறை, தபால் பொதி பிரிக்கிற கூடம். என் முறை வந்ததும் "மாடு மேய்ச்சனான்" என்றேன். மண்டபம் சிரித்தது.

"படிக்காட்டி மாடுதான் மேய்ப்பாய் எண்டு வாத்திமார் எல்லாருக்கும் சொன்னவை. உனக்குத்தான் பலிச்சிருக்கு" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணை.

"ஜெர்மனியிலையோ?" என்று ஒரு அக்கா கேட்டா.

"ஓம் அக்கா. துவக்கோடை."

அதற்குப் பிறகு வேறு ஒருவரின் வேலையைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஆறும்வரை என்னைத்தான் குடைந்தார்கள். சங்கத்தின் ஆண்டு மலருக்கு அதை எழுதித் தா என்றார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை கண்டால் திருத்துங்கள். கதையைத் திருத்தவேண்டாம். அந்தப் பண்ணையில் எல்லாரும் பேசினது ஜெர்மன் மொழி. நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரில் துவக்கோடு வந்தவர்கள் பல வகை. எந்த வகை வந்தாலும் நாங்கள் வீட்டின் பின்பக்கத்தால் போவோம். அப்படிப் போய்ப் போய்த்தான் ஒருநாள் ஜெர்மனி வந்து சேர்ந்தேன். அகதி முகாமில் மூன்று பேருக்கு ஒரு அறை. எசன் நகரத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கே சுவரைப் பார்த்து நிற்க ஏலாமல், அஸ்பராகஸ் தண்டு வெட்டப் போனேன். பிறகு ஊர் ஊராகப் போகிற களியாட்ட வண்டிகளோடு ராட்டினம் பூட்டினேன். இடது கைச் சுண்டுவிரலில் பாதி அந்த ராட்டினத்தோடு போனது. மீதிப் பாதி போதுமாயிருந்தது. கடைசியில் ஒரு ஆட்டுக்காரனோடு சேர்ந்து, செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வயல்வயலாக நடந்தேன். குளிரில் வண்டிக்குள் படுத்தால் காலையில் போர்வை விறைத்து நிற்கும். ஆனால் நடக்கிற வேலை எனக்குப் பிடித்தது. அந்த ஆடுகள் ஒரு முறை லோமான் அம்மாவின் புல்வெளியில் தங்கின. ஆட்டுக்காரன் ஆடுகளை விற்கப்போகிறான் என்று கேள்விப்பட்டு அவர் என்னிடம் வந்தார். இப்படித்தான் அந்த வேலை கிடைத்தது.

அந்தப் பண்ணைக்கு டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் போய், பிறகு பஸ் ஏறி, பிறகு மேட்டில் நடக்கவேண்டும். மலைச்சரிவு முழுக்கப் புல். நாற்பது மாடு, கறுப்பு, சடை மயிர். பால் கறப்பதில்லை. கன்றுகள் தாயோடேயே திரியும். மழையோ பனியோ, வருசம் முழுக்க வெளியில்தான் நிற்கும். இறைச்சிக்கு வளர்க்கிற மாடுகள். லோமான் அம்மா புருசன் செத்த பிறகு தனியாக அதை நடத்திக்கொண்டிருந்தார். முழுப் பெயர் ஹில்டெ லோமான். நெட்டையான மனிசி. ஒரு விசயத்தை ஒரு தரம்தான் சொல்லுவார். விளங்கவில்லை என்றால் நீங்கள் கேட்கவேண்டும். கேட்டால் அதே சொற்களை அதே குரலில் இன்னொரு தரம் சொல்லுவார். என் முழுப் பெயர் அருளப்பு என்று தொடங்கி நீண்டு போகும். அதில் முதல் துண்டை வெட்டி எடுத்து "ஹெர் அருள்" என்று கூப்பிட்டார். எங்கள் பேச்சில் "திரு அருள்". கடைசிவரை நான் அவருக்கு "நீங்கள்"தான். மாடுகள் எல்லாம் "நீ".

முதல் கிழமை காய்ந்த பாண் ரொட்டியை வாளியில் போட்டுக்கொண்டு போய் மாடுகளைக் கூப்பிட்டேன். ஜெர்மன் மொழியில் மாட்டை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. "ஹோ... வா, வா, வா, வாடா ராசா" என்று வாயில் வந்ததைக் கத்தினேன். இரண்டு கிழமையில் மலையின் அந்தப் பக்கத்திலிருந்தும் ஓடி வந்தன. லோமான் அம்மா வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"ஹெர் அருள், இனிக் கூப்பிடுறது உங்கட வேலை. நான் கூப்பிடமாட்டன்."

"ஏன்? உங்களுக்கும் பழக்கிவிடுறன்."

"நான் சுடுறவள்" என்றார். "கூப்பிட்ட மாட்டைச் சுடுறதில்லை. சுடுற ஆள் கூப்பிடுறதுமில்லை."

அவர் சொன்னது பெரிய தத்துவம் என்று எனக்கு அப்போது படவில்லை. வேலை விதி என்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வீட்டில் எல்லாம் அதில்தான் நின்றது.

சுடுகிற நாள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கேட்டவர்கள் பலர். அங்கே மாட்டை லொறியில் ஏற்றி இறைச்சிக் கூடத்துக்கு உயிரோடு கொண்டுபோவதில்லை. வெளியில் வளர்ந்த மாடு லொறியில் பயந்து நடுங்கும். அதனால் மிருக வைத்தியர் அலுவலகம் அனுமதி கொடுத்திருந்தது: மேய்கிற இடத்திலேயே, கூட்டத்தின் நடுவிலேயே, ஒரே தோட்டா. முதல் நாள் பின்னேரம் நான் காய்ந்த புல்லை மண்மேட்டுக்கு முன்னால் பரப்பிவிட்டு வந்துவிடுவேன். சத்தமில்லை, வாளி இல்லை, கூப்பிடுகிறதில்லை. காலையில் அவை தாங்களாக வந்து தின்னும். வைத்தியர் ஒருவர் தள்ளி நிற்பார். லோமான் அம்மா மரப்பலகை மேடையில் இருப்பார். தோட்டா போய்ப் புதைய மாட்டுக்குப் பின்னால் மண் இருக்கவேண்டும். மண் இல்லாத பக்கம் எவ்வளவு வசதியாக மாடு நின்றாலும் துவக்கு உயராது. மாடு தலை தூக்கினால் இல்லை. பக்கத்தில் இன்னொன்று வந்தால் இல்லை. சில நாள் பதினொரு மணி வரை இருந்துவிட்டு, "இண்டைக்கு இல்லை" என்று தோட்டாவைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். வைத்தியர் முணுமுணுப்பார். லோமான் அம்மா அவருக்குக் கோப்பி ஊற்றுவார்.

நடந்தால் ஒரு நொடியில் நடந்துவிடும். மற்ற மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தின்னும். முதல் தரம் நான் நடுங்கினேன். மாடுகள் நடுங்கவில்லை. அதைப் பார்த்து நானும் நிறுத்திக்கொண்டேன்.

துவக்குகள் இருந்தது வீட்டின் உள் அறையில், சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டியில். இலக்கம் அமுக்கித் திறக்கிற பூட்டு. அந்த இலக்கம் அனுமதி உள்ள ஆளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கலாம். புருசனுக்கு மனைவி சொல்லக்கூடாது, தாய்க்குப் பிள்ளை சொல்லக்கூடாது. லோமான் அம்மா பெட்டியைத் திறக்கப் போகும்போது "ஹெர் அருள்" என்பார். அவ்வளவுதான். நான் எழும்பிச் சமையலறைக்குப் போவேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டோடு போவேன்.

பொலிஸ் சொல்லாமல் வந்து அந்தப் பெட்டியைப் பார்க்கும். அது சட்டம். நான் போன மூன்றாம் மாதம் பொலிஸ் கார் வளவுக்குள் வந்தது. எனக்கு எல்லாக் கடுதாசியும் சரியாக இருந்தது. இருந்தாலும் கால்களுக்கு அது தெரியவில்லை. அவை பின்பக்கத்தால் என்னைக் கொண்டுபோய் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் இருத்திவிட்டன. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய மனிசன் வந்து என் முன்னால் இன்னொரு கட்டில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றி, உள்ளே இருந்த கல்லைத் தட்டினார்.

"நான் உவே. இந்த ஊர்ப் பொலிஸ். நீங்கள்தான் மாட்டைக் கூப்பிடுற ஆளாம்."

"ஓம்."

"அவ கோப்பி போட்டிருக்கிறா. நீங்கள் வராமல் கேக்கை வெட்டமாட்டன் எண்டு நிக்கிறா. எனக்குப் பசிக்குது. எழும்புங்கோ."

அப்படித்தான் உவே எனக்குப் பழக்கமானார். ஊர்ப் பொலிஸ் என்றால் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர்தான். வேலிச் சண்டை, தொலைந்த நாய், குடித்துவிட்டுப் பள்ளத்தில் சைக்கிளோடு விழுந்தவர், எல்லாம் அவர் கணக்கு. பெட்டி பார்க்க வரும்போதெல்லாம் என்னையும் ஒரு கேள்வி கேட்பார்.

"அருள், பெட்டி இலக்கம் என்ன?"

"தெரியாது."

"அவட பிறந்த நாளோ?"

"அவவுக்குப் பிறந்த நாள் இருக்கிறதே எனக்குத் தெரியாது."

"நல்லது" என்று சொல்லிவிட்டு என் ரோல்ஸை எடுத்துக் கடிப்பார். நான் சனிக்கிழமைகளில் உள்ளே கறி வைத்துச் சுருட்டி ரோல்ஸ் பொரிப்பேன். சொல்லாமல் வரவேண்டிய பரிசோதனை ஏன் எப்போதும் சனிக்கிழமையில் வருகிறது என்று லோமான் அம்மா ஒருநாளும் கேட்கவில்லை.

இனி நான் எழுத வந்த விசயம். அதற்குக் காஸ்பாரைச் சொல்லவேண்டும். காஸ்பார் பட்டியின் நாம்பன், பொலிகாளை. ஏறத்தாழத் தொளாயிரம் கிலோ, நெற்றியில் சுருட்டை மயிர், குணம் பூனைக்குட்டி. ஆனால் தொளாயிரம் கிலோப் பூனைக்குட்டி தெருவில் நின்றால் அதன் குணத்தை யாரும் விசாரிக்கமாட்டார்கள். கன்றிலிருந்து என் கையால் பாண் தின்று வளர்ந்தவன். கூப்பிட்டால் முதலில் வருகிறவன்.

ஒரு கோடையில் எசனில் என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். நான் லீவு எடுப்பது குறைவு. லோமான் அம்மாதான் "போங்கோ, நல்ல சப்பாத்து ஒண்டு வாங்குங்கோ" என்று துரத்தினார். தேவாலயத்தில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டார் பாட்டுப் போட்டு, முதல் பந்தி தொடங்கும் நேரம். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. என் போன் அடித்தது. லோமான் அம்மா எனக்குப் போன் பண்ணுகிறவர் இல்லை. வெளியே வாசலுக்குப் போனேன்.

"ஹெர் அருள். மன்னிக்கவேணும், கலியாணத்திலை கூப்பிடுறன். காஸ்பாரை நான் சுடவேண்டி வரப்போகுது. அதை வேறை ஆள் சொல்லி நீங்கள் கேக்கக்கூடாது."

நான் நின்ற இடத்திலேயே படியில் இருந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வெப்பக்காற்றுப் பலூன் ஒன்று காற்றில் கீழே இறங்கி, சரிவுக்கு மேலே தலையில் முட்டுகிற உயரத்தில் வந்திருக்கிறது. மேலே ஏறுவதற்கு ஓட்டுகிறவர் நெருப்பைத் திறந்திருக்கிறார். அந்த இரைச்சலில் பட்டி முழுக்கக் கலைந்து ஓடியது. பசுக்கள் கன்றுகளுக்காகத் திரும்பி வந்துவிட்டன. காஸ்பார் வேலியை உடைத்துக்கொண்டு கீழே இறங்கி, றோட்டைத் தாண்டி, சோளக்காட்டுக்குள் போய்விட்டான். சோளக்காட்டின் அடுத்த பக்கம் உயர்ந்த மண்கரையில் ரயில் பாதை. இரண்டு தரம் அவன் அந்தக் கரையில் ஏறி நின்றிருக்கிறான். உவே றோட்டை மறித்துவிட்டார். ரயிலை நிறுத்திவிட்டார்கள், சனம் பெட்டிக்குள் இருக்கிறது. மயக்க ஊசி போடுகிற வைத்தியர் தூரத்தில். அவர் வந்து சேர இருட்டிவிடும்.

"கரையிலை நிண்டபோது சுட்டிருக்கலாமெண்டு ரயில்காரர் சொல்லுகினம்" என்றார் லோமான் அம்மா. "பின்னாலை வெறும் வானம். தோட்டா எங்கை போய் விழும்? நான் சுடேல்லை. இப்ப சோளத்துக்குள்ளை நிக்கிறான். றோட்டுப் பக்கம் வந்தால் நான் மேலை நிண்டு கீழை சுடலாம், தோட்டா மண்ணுக்குள்ளை போகும். வந்தால் சுடுவன். இருட்டினால் அவனை றோட்டிலை விட ஏலாது எண்டு உவே சொல்லுறார். அவர் சொல்லுறது சரி."

"கூப்பிட்டுப் பாத்தனீங்களோ?"

"நான் கூப்பிடுறதில்லை. உவே கூப்பிட்டவர். இன்னும் உள்ளுக்குப் போயிட்டான்."

"நான் கூப்பிடுறன்."

"நீங்கள் எசனிலை நிக்கிறியள்."

"உவேயின்ரை காரிலை ஒலிபெருக்கி இருக்கு. போனை அதிலை பிடிக்கச் சொல்லுங்கோ."

அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் குரலுக்கு அவன் வெளியே வருவான். வருகிற இடம், அவர் சுடுவதற்குச் சரியான இடம். உலகத்தில் வேறு எந்த வேட்டைக்காரரும் அதற்கு நன்றி சொல்லியிருப்பார். கூப்பிட்டால் என் வாயால் அவனைத் துவக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன். கூப்பிடாவிட்டால் இருட்டில் எப்படியும் முடிந்துவிடும்.

பிறகு அவர் உவேயோடு பேசுவது கேட்டது.

"ஹெர் அருள் கூப்பிட்டால் நான் சுடமாட்டன்."

"ஹில்டெ, அவன் வெளியிலை வந்து, வீட்டை போகாமல் ஊருக்குள்ளை ஓடினால்?"

"அப்ப நீங்கள் ஊர்ப் பொலிஸ். உங்களுக்குத்தான் தெரியவேணும். நான் கூப்பிட்ட மாட்டைச் சுடுறதில்லை."

உவே பெருமூச்சு விட்டது எசன்வரை கேட்டது. அவர் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் பொறுப்பு அவருடையது. பிழையாய்ப் போனால் அவருடைய வேலைக்குத்தான் ஆபத்து. "எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டார்.

பதிலுக்கு லோமான் அம்மா துவக்கின் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். பிறகு தகரத்தில் ஏதோ வைக்கிற மாதிரி, டிக், டிக், டிக் என்று மூன்று தரம். தோட்டாக்களை எடுத்துப் பொலிஸ் காரின் முன்மூடியில் வைத்துவிட்டார்.

"சரி" என்றார் உவே. "அருள், கத்துங்கோ."

நான் எழும்பி நின்று கத்தினேன். அந்தப் பக்கம் ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. சோளம் முறிகிற சத்தம், உவே ஏதோ கெட்ட வார்த்தை, "இன்னும் தள்ளிப் போயிட்டான்." போனைக் கொஞ்சம் விலத்திப் பிடிக்கச் சொன்னேன். திரும்பவும் கத்தினேன். "ஹோ... வா, வா, வா, வாடா ராசா."

மண்டபத்து வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆரைக் கூப்பிடுறியள்?"

"காஸ்பாரை."

"எங்கடை ஆளோ?"

"ஓம், எங்கடை ஆள்தான்."

அவர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, உதவிக்குத் தானும் "காஸ்பார் தம்பி" என்று ஒரு குரல் கொடுத்தார்.

பிறகு உவே மெதுவான குரலில், "வாறான்" என்றார். பிறகு, "ஓடி வாறான்." பிறகு, "அருள், இவன் என்னட்டை வாறான்."

அதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. குரல் எங்கேயிருந்து வருகிறதோ அங்கேதான் மாடு வரும். பட்டியில் குரலும் பாணும் என்னிடம் இருந்தன. இப்போது குரல் பொலிஸ் காரின் கூரையில் இருந்தது. காஸ்பார் சோளத்தை விட்டு வெளியே வந்து, றோட்டில் ஏறி, காரின் பக்கத்தில் நின்று, கூரையை முகர்ந்து, கண்ணாடியை நக்கத் தொடங்கினான். உள்ளே உவே கதவைப் பூட்டிக்கொண்டு, ஒரு கையில் போன், மறு கையில் ஒலிவாங்கி.

"பாண் கேக்கிறான் போலை. என்னட்டை பாண் இல்லை."

லோமான் அம்மாவின் குரல் தூரத்திலிருந்து வந்தது: "ஓட்டுங்கோ."

"என்ன?"

"காரை ஓட்டுங்கோ. மெதுவா. மேலை. நான் முன்னாலை போய்ப் படலையைத் திறக்கிறன்."

அப்படியே நடந்தது. பொலிஸ் கார் மனிசன் நடக்கிற வேகத்தில் மேட்டில் ஏறியது. பின்னால் காஸ்பார். ஒலிபெருக்கியில் நான். ஊருக்குள்ளால்தான் வழி. சனம் வேலியோரம் வந்து நின்றதாம். சின்னப்பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு, பெரியவர்கள் யன்னலால் பார்த்தார்களாம். நான் நிறுத்தினால் அவனும் நின்றுவிடுகிறான் என்று உவே சொன்னார். அதனால் நிறுத்தாமல் பேசினேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, பிறகு திட்டினேன். "வாடா மடையா, உன்னாலை எனக்கு முதல் பந்தி போச்சு. ஆட்டிறைச்சிக் கறி முடிஞ்சிருக்கும். என்ரை தங்கச்சி என்னோடை இனிக் கதைக்கமாட்டாள். வா ராசா, நட, நட." அந்த ஊரில் அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் அவ்வளவு தமிழ் கேட்டதில்லை. தங்கச்சி உண்மையாகவே வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். பின்னால் மணமகள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சித்தப்பா அவர்களிடம், "உஸ், மாட்டைப் பொலிஸ் கொண்டுபோகுது" என்று விளக்கினார். பாதிக் கலியாணம் வாசலுக்கு வந்துவிட்டது. யாரோ ஒரு கோப்பை தண்ணி என் கையில் தந்தார்கள். தொண்டை கட்டிப்போய்க் கடைசியில் தவளை மாதிரித்தான் வந்தது. அதுவும் அவனுக்குப் போதுமாயிருந்தது.

படலையின் இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"உள்ளுக்கு" என்றார் உவே.

பிறகு லோமான் அம்மா போனை வாங்கினார். "ஹெர் அருள், போய்ச் சாப்பிடுங்கோ."

ஆட்டிறைச்சிக் கறி முடிந்துதான் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா தன் தட்டிலிருந்து பாதியைத் தந்தார்.

காலையில் முதல் ரயிலில் திரும்பினேன். வேலி உடைந்து கிடக்கும், ஆள் வேண்டும் என்று நினைத்தேன். கலியாணக் கோட்டும் புதுச் சப்பாத்துமாய் மேட்டில் ஏறினால், றோட்டின் ஒரு கரையில் லோமான் அம்மா, மறு கரையில் உவே, இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு புல்லைப் பார்த்துப் பார்த்து வருகிறார்கள். கார் நடுவில் நிற்கிறது.

"என்ன தேடுறியள்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தோட்டா" என்றார் லோமான் அம்மா.

முன்மூடியில் வைத்த மூன்று தோட்டாக்கள். அவர் படலை திறக்க ஓடினார். உவே மாட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். தோட்டாக்களை யாரும் எடுக்கவில்லை. இரண்டு, கார் கிளம்பின இடத்திலேயே கிடந்தன. மூன்றாவதைக் காணவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற றோட்டு. ஒரு தோட்டா தொலைந்தால் அனுமதி போகலாம். அனுமதி போனால் இருபது வருசமாக லொறி ஏறாத பட்டி லொறி ஏறவேண்டும். அவர் முகம் பழைய பால் மாதிரி இருந்தது. முதல் நாள் சாயங்காலம்கூட அவர் அப்படி இருந்திருக்கமாட்டார்.

"நான் அறிவிக்கவேணும், உவே. நீங்கள் எழுதுங்கோ."

"என்னெண்டு எழுத? துவக்குக்காரி தோட்டாவைப் பொலிஸ் காரிலை பத்திரமா வைச்சா, பொலிஸ் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போயிட்டுது எண்டோ?"

"நடந்ததை எழுதுங்கோ."

"எழுதுவன். முதல் றோட்டை முடிப்பம்."

மூன்று பேரும் ஊர் முழுக்க நடந்தோம். நான் குழிகளுக்குள் கை விட்டேன். பாண் கடைக்காரி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். "வேலி ஆணி" என்று உவே சொல்ல வாயெடுத்தார். லோமான் அம்மா "தோட்டா" என்றார். பாண் கடைக்காரியும் கவுண்டரை விட்டுவிட்டு வந்து தேடினாள். மேலே படலைவரை போய்விட்டோம். கிடைக்கவில்லை. சிறு மழை தூறத் தொடங்கியது. உவே கீழே நடந்துபோய்க் காரை எடுத்து வந்தார். கார் எங்கள் முன்னால் வந்து நின்றது. கண்ணாடி துடைப்பான் பாதி வழி ஏறி, டக் என்று நின்று, திரும்பி விழுந்தது. திரும்பவும் ஏறி, டக். உவே இறங்கி வந்து துடைப்பானைத் தூக்கிப் பார்த்தார். முன்மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், இலைக் குப்பைக்குள், அது கிடந்தது.

லோமான் அம்மா கையை நீட்டினார். உவே அதைத் தன் கால்சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

"ஆக, தொலையேல்லை" என்றார். "முழுநேரமும் பொலிஸ் காவலிலை இருந்திருக்கு."

லோமான் அம்மா சிரித்து நான் பார்த்தது அது ஒரு தரம்தான். சிரிக்கிற பழக்கமில்லாததால் நிறுத்தத் தெரியாமல், வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காஸ்பாரை அதன்பிறகு சுடுகிற பேச்சே வரவில்லை. வயதானதும் வேறு நாம்பன் வந்தது. வழக்கப்படி அவன் போயிருக்கவேண்டும். "அவனைக் கூப்பிட்டாச்சு" என்று லோமான் அம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பக்கத்துப் புல்லில், வழியை ஒட்டி, சும்மா நின்று தின்றான். ஒரு கெட்ட பழக்கம் மட்டும் அவனுக்கு மிஞ்சியது. பொலிஸ் காரைக் கண்டால் விடமாட்டான். வழியில் இறங்கி வந்து, காருக்கு முன்னால் நின்று, கூரையைப் பார்ப்பான். உவே அதற்குப் பிறகு காரைக் கீழே பஸ் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நடந்துதான் மேலே வந்தார். அப்படியே ஓய்வும் பெற்றார். அவருடைய இடத்துக்கு ஒரு இளம் பொலிஸ்காரர் வந்தார். உவே அவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவர், இதை மட்டும் மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லையோ தெரியாது.

நான் வேலையை விடுவதற்கு முந்திய வசந்தத்தில், ஒரு சனிக்கிழமை, சமையலறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் போன் அடித்தது. லோமான் அம்மா எடுத்தார்.

"ஓம், நான்தான்... எங்கை நிக்கிறியள்?... ஓம். கறுப்பு. ஓம், பெரிசு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை, கடியாது. கதவைத் திறக்காதேங்கோ. உங்கடை காரிலை ஒலிபெருக்கி இருக்கோ?"

பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"ஹெர் அருள், உங்களுக்குத்தான்."